ஏழாம் அறை அடங்கியது

"சார், ஏழாம் ரூம்ல ஒரே ரகளை. சாப்பாட்டுத் தட்டு பறந்து போய் சுவத்துல மோதிடுச்சு. என்னை அடிக்கவே கை ஓங்கியாச்சு" என்று போனில் மூச்சு வாங்கினார் நர்ஸ்.

"பேஷண்டுக்குத் தூக்க ஊசி போட்டு விடுங்க சிஸ்டர்."

"நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டா..."

"இதுல பாக்க என்ன இருக்கு? சத்தத்தைக் கேட்டாலே மருந்து சொல்லிடுவேன். சொன்னதைச் செய்யுங்க."

டாக்டர் போனை வைத்துவிட்டு, ஆற அமர டீயைக் குடித்து முடித்து மாடியேறினார். வார்டு நிசப்தமாக இருந்தது. ஏழாம் அறைக் கட்டிலில் பெரியவர் வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா சிஸ்டர்? எப்பேர்ப்பட்ட ஆட்டமும் ஒரே ஊசியில பெட்டிப்பாம்பா அடங்கிடும்."

"ஆட்டம் போட்டது இவரில்ல சார். வீட்டுக்குப் போகணும்னு இவர் மெதுவாத்தான் கேட்டார். அதுக்குத் தட்டை வீசினது இவரோட மகன்."

"அப்புறம் இவருக்கு ஏன் போட்டீங்க?"

"பேஷண்டுக்குன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. இங்க பேஷண்ட் இவர்தானே."

டாக்டர் தாடையைத் தடவினார். "மகன் எங்கே?"

"அப்பா தூங்கினதும், சண்டை போட ஆளில்லாம அமைதியாக் கிளம்பிட்டார். நாளைக்குச் சாயங்காலம் வருவாராம்."

டாக்டரின் முகம் தெளிந்தது.

"அப்ப மருந்து வேலை செஞ்சிருக்கில்ல? நாளைக்கு அவர் வர்றதுக்கு முன்னாடியே பெரியவருக்கு ஒண்ணு போட்டுடுங்க."