புரட்டாசிப் பொட்டலம்

"போகும்போது கையில பொட்டலம். வரும்போது வெறுங்கை. நடுவுல பொதருக்குள்ள என்ன நடந்திருக்கும்னு நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் குமாரசாமி சோபாவில் சாய்ந்தார். அவர் தென்னை விவசாயிகள் சங்கம் ஒன்றின் முன்னாள் துணைத்தலைவர்; கல்யாணப் பெண் புவனாவுக்குத் தாய்மாமன். முதல் பதவி போய் வெகு நாளாயிற்று. இரண்டாவதை யாரும் பறிக்க முடியாது.

எதிரே நாற்காலி நுனியில் மாப்பிள்ளைப் பையன் சசிதர். பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு மேலாண்மை எம்.எஸ்ஸி., கடைசி வருடம். ஐப்பசி பிறந்ததும் உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்வதாகப் பேச்சு. தாய்மாமன் தலையாட்டாமல் அது நடக்காது.

"காட்டுல திரியற மிருகத்தை மேனேஜ் பண்ண ஒரு படிப்பாம். மிருகம் இவங்களைக் கேட்டுட்டா மேயுது? அந்தப் படிப்பு மேலயே எனக்குச் சந்தேகம். அதுதான் மூணு நாள் கிணத்துக்கடவுல பஸ் ஏறிப் போயி, காலேஜுக்குப் பின்னாடி புளியமரத்துல மறைஞ்சு நின்னு பாத்தேன். கூட ஒரு பொண்ணு வேற."

"அது நஸ்ரியாங்க மாமா," என்றாள் புவனா. "இவிங்க கிளாஸு. அவங்க நிக்காவுக்கு நம்ம ஊட்டுக்குப் பத்திரிகை வந்துச்சே, நீங்கதான கையில வாங்குனீங்க."

குமாரசாமி அந்தப் பெண்ணை அத்துடன் விட்டுவிட்டார். கையில் வேறு குற்றம் இருந்தது.

"பொட்டலத்துல என்னங்ண்ணா?" என்று கேட்டாள் அவருடைய தங்கை சாந்தாமணி, புவனாவின் அம்மா.

அவர் நெற்றி நாமத்தை ஒரு தரம் தொட்டுக்கொண்டார். புரட்டாசி முதல் தேதியிலிருந்து அந்த நாமம் அங்கே இருக்கிறது. தான் கறி தொடாததைத் தினமும் நாலு பேரிடம் சொல்லுவார். பெருமாளுக்கு அவர் செய்யும் தொண்டில் பெரும்பகுதி அதுதான்.

"அதை என் வாயால வேற சொல்லோணுமா? கோழி. வரமொளகாயும் தேங்காச் சில்லும் போட்டு வறுத்தது. உப்புத்தான் கொஞ்சம் தூக்கல். புரட்டாசி மாசத்துல, பெருமாள் கும்பிடற ஊட்டுப் பையன், பொதருக்குள்ள ஒளிஞ்சு தின்னுபோட்டு வாயைத் தொடச்சுட்டு வாராருங்க."

சாந்தாமணி மகளைப் பார்த்தாள். மகள் சசிதரைப் பார்த்தாள். சசிதர் தரையைப் பார்த்தான்.

"நான் திங்கலைங்க மாமா. கீரி, மரநாய் வருதான்னு பாக்க வெக்கறதுங்க. புரட்டாசிங்கறதால ஹாஸ்டல் மெஸ்ஸுல கோழி மீந்து போகுதுங்க. அதை வாசத்துக்கு வெச்சுட்டு வந்துருவமுங்க."

"மரநாய்க்கு வறுவல். கேட்டுக்க சாந்தாமணி." குமாரசாமி முன்னால் குனிந்தார். "சரிங்க, மூணு நாளும் பொட்டலம் காலியாச்சா இல்லீங்களா?"

"ஆச்சுங்க."

"எந்த மிருகம் தின்னுச்சுங்க?"

சசிதர் நாற்காலியில் இன்னும் நுனிக்கு நகர்ந்தான். "அது வேண்டாமுங்க மாமா."

கொங்கு நாட்டில் ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போதுகூட 'ங்க' குறைவதில்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டதும் சாந்தாமணி காபி டம்ளர்களை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். இந்தச் சம்பந்தம் முடிந்தது என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் அறிகுறி.

புவனாவுக்குப் பொறுக்கவில்லை. "படம் உழுந்திருக்குதுன்னு நேத்து போன்ல சொன்னீங்கல்ல. அதையாவது காட்டுங்க."

"வேண்டாம் புவனா."

"எந்தப் படம்?" குமாரசாமி எழுந்தே விட்டார். "இவரு பொதரை உட்டு வெளிய வந்ததுக்கப்புறம் அங்க ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலை. நான் ஒருத்தன்தான் இருந்தேன். அப்புறம் படம் எடுத்தது யாரு? போன்ல வேற என்னமோ இருக்குது. தெறந்து குடுங்க தம்பி."

"மாமா, சொன்னாக் கேளுங்க."

"குடுங்க."

சசிதர் புவனாவின் முகத்தை ஒரு முறை பார்த்தான். பிறகு போனைத் திறந்து நீட்டினான். குமாரசாமி அதைப் பார்க்காமலே, நீதிபதி தீர்ப்பை வாசிக்கக் கொடுப்பதுபோலத் தங்கையிடம் கொடுத்தார்.

"நான் பாத்தா ஒருதலையாப் பேசறேம்பாங்க. நீயே பாரு."

"எடுக்கறதுக்கு ஆளு எதுக்குங்க மாமா?" என்றாள் புவனா. "மரத்துல ஒரு கேமரா கட்டி உட்டிருப்பாங்க. முன்னாடி எது அசைஞ்சாலும் அது தானாப் படம் எடுத்துக்குமுங்க."

குமாரசாமியின் கை போனை நோக்கி நீண்டது. சாந்தாமணி அதற்குள் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பியிருந்தாள். ஒரு படத்தைத் தள்ளினாள். இன்னொன்றைத் தள்ளினாள். மூன்றாவதை இரண்டு விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, திங்கும்போதுகூட நாமம் கலையவே இல்லீங்களே."