பூச்சி விழாத பொறி

பொழுது சாய்கிறது. ஆத்தூர்ப் பருத்திக்காட்டில், கம்பில் கட்டிய இனக்கவர்ச்சிப் பொறியின் பிளாஸ்டிக் பை காற்றில் உப்பி உப்பி அடங்குகிறது. உள்ளே ஒரு அந்துப்பூச்சிகூட இல்லை. மூன்று வாரமாக இப்படித்தான். வெறும் பையைப் பார்த்து, பூச்சியே இல்லை என்று தினமும் "ஸ்தோத்திரம்" சொல்லிவிட்டுப் போகிற ஜெயமேரி, இன்று ஒரு பச்சைக் காயை நகத்தால் பிளந்துவிட்டு அப்படியே நிற்கிறாள். ஈரப் பஞ்சுக்குள் இளஞ்சிவப்புப் புழு நெளிகிறது. அடுத்த காயிலும் ஒன்று. அவள் கணவன் கிறிஸ்துராஜ் பொறியின் மூடியைக் கழற்றுகிறான். ஆண்பூச்சியை இழுக்கப் பெட்டை வாடை ஏற்றிய ரப்பர்க் குப்பி, வெயிலில் வெளிறி வெடித்திருக்கிறது. "மாசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொன்னாகளே, ரெண்டு மாசமாச்சு. புதுசு எங்க மேரி?" "நீங்க மாத்திட்டீகன்னுல்ல நெனச்சேன்." அவள் குரல் தாழ்கிறது. "அப்ப பிரிக்காம மாதா படத்துக்குப் பின்னாலதாங்க இருக்கும்." செம்பட்டிச் சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று வந்து, அவன் கையிலிருக்கும் மூடியின்மேல் உட்காருகிறது. சற்று நேரம் இருந்துவிட்டு, பூத்த செடிக்குள் இறங்குகிறது.