பள்ளத்தில் என்ன இருக்கு?

"உலகப் புகழ்பெற்ற ஆழ்கடல் பள்ளமாம்! கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. காசைக் கரியாக்கினதுதான் மிச்சம்." முங்கிவிட்டுப் படகில் ஏறிய புதியவர் பொரிந்தார்.

"நான் மாசாமாசம் வரேனே!" என்றார் எதிரிலிருந்த நரைத்தாடிக்காரர்.

இருவரோடும் முங்கிய வழிகாட்டிக்குப் பொறுக்கவில்லை; நரைத்தாடிக்காரரிடம் திரும்பினார். "சார், நீங்க பள்ளத்தைப் பாக்கறதே இல்ல. டார்ச் வெளிச்சத்துல என் கையையேதான் பாத்துக்கிட்டு இருக்கீங்க. கரையோரமா நிறைய மீன் இருக்கு, அங்க கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம்ப்பா. ஆழம் கூடக் கூடத்தானே விரலை வட்டமா வளைச்சு, 'நல்லா இருக்கீங்களா'ன்னு அடிக்கடி கேக்கறே?"

நரைத்தாடிக்காரர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்.

"மேல வந்தா யாருப்பா கேக்கறாங்க?"