வெள்ளிக்கிழமை ரிப்பேர்

“பொட்டி இன்னிக்கும் செத்துப் போச்சு தம்பி. லைட்டே வரல,” என்றார் ஹபீபுன்னிசா. சொன்ன முகத்தில் துளிக் கவலை இல்லை. நெய்ச்சோறு மணம் வேறு வாசல் வரைக்கும் வந்து நின்றது.

கம்ப்யூட்டர் மெக்கானிக் அரசப்பன் மொபெட்டை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினார். பாபநாசத்தில் கடை, அங்கிருந்து அய்யம்பேட்டைக்கு வர அரை மணி நேரம். மனைவி வேம்பு தவறிய பிறகு அவருக்குக் கடையேதான் வீடு, மெஸ் சாப்பாடுதான் சாப்பாடு. ஐம்பதைத் தாண்டிய மனுஷனைத் ‘தம்பி’ என்று கூப்பிட அறுபத்தெட்டு வயது ஹபீபுன்னிசாவை விட்டால் ஆளில்லை.

“இதோட அஞ்சாவது வெள்ளிக்கிழமைம்மா,” என்றார்.

“என்ன பண்றது? அன்னிக்குத்தானே துபாய்ல லீவு. அன்னிக்குத்தானே எம் புள்ள மூஞ்சியப் பாக்க முடியுது.”

பெட்டி, மகன் ஜாஃபர் சாதிக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த காலத்தில் வாங்கியது. அதில் படித்து அவன் துபாய் போய்விட்டான். பெட்டி அம்மாவைப் போல இங்கேயே தங்கிவிட்டது. பிராட்பேண்ட் வந்ததும் ஒரு கேமராவை வாங்கி மாட்டிக் கொடுத்தான். வாரத்துக்கு இருபது நிமிஷம் அதில் முகம் காட்டுவான். மீதி நாளெல்லாம் அந்தப் பெரிய வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது.

வழக்கமாக அரசப்பன் நிதானமாகத்தான் வேலை பார்ப்பார். ஸ்டெபிலைசர், பிளக், மானிட்டர் ஒயர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். பெட்டியைத் திறந்து தூசி ஊதுவார். அதற்குள் இரண்டு டீ ஆகிவிடும், ஊர்க்கதை முழுக்க ஓடிவிடும்.

இன்று அதற்கெல்லாம் நேரமில்லை. செல்போனில் ஜாஃபர் கத்திக்கொண்டிருந்தான். “அம்மா, ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன். நான் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பணும். இன்னிக்கு வருமா, வராதா?”

“வரும், வரும். இருப்பா,” என்ற ஹபீபுன்னிசாவின் குரல் உடைந்தது. “தம்பி, அவன் போயிட்டா இனி ஒரு வாரம்.”

அரசப்பன் சரேலென்று பக்கத்து மூடியைக் கழற்றினார். கை நேராக உள்ளே போய் ஒரு ஒயரை அழுத்தியது. ஸ்விட்சைத் தட்டினார், பெட்டி உர்ரென்று உயிர் பெற்றது.

திரையில் ஜாஃபர் வந்தான். மடியில் பேத்தி ஷிஃபா, விழுந்த பல்லின் ஓட்டையைக் காட்டிச் சிரித்தாள். ஹபீபுன்னிசா அந்தச் சிரிப்பைக் கண்ணாடி மேல் விரலால் தடவிப் பார்த்தார்.

“அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது,” என்றான் ஜாஃபர். “அது என்ன வெள்ளிக்கிழமை மட்டும் கெட்டுப் போற மிஷினு? நீங்கதானே எதையாச்சும் நோண்டி விடுறீங்க? பேச்சுத் துணைக்கு ஆள் வரட்டும்னு?”

ஹபீபுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஆமான்னுதான் வச்சுக்கயேன்.”

“எனக்குத் தெரியும். இங்க என்கூட வேலை பாக்குற ஹாஜா மைதீன் அடுத்த மாசம் ஊருக்கு வர்றார். அவர்கிட்ட புது லேப்டாப் குடுத்து விடுறேன். அந்தப் பழைய பொட்டிய இரும்புக் கடையில போட்டுடுங்க. மெக்கானிக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

கேமராவில் விழாமல் ஓரமாக நின்ற அரசப்பன் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் நழுவிக் கீழே விழுந்தது. “புதுசு நல்லதுதாம்மா,” என்று சொல்லிக்கொண்டே குனிந்து எடுத்தார்.

மகன் போன பிறகு இலை விழுந்தது. நெய்ச்சோறு, தால்ச்சா. வாசல் கதவை இரண்டு பக்கமும் திறந்து வைத்துவிட்டு, ஹபீபுன்னிசா எதிரே நின்று பரிமாறினார்.

“இன்னும் ஒரு கரண்டி வச்சுக்குங்க தம்பி.”

“போதும்மா.”

“எப்பவும் ரெண்டு தரம் வாங்குவீங்களே?”

அரசப்பன் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

பெட்டியின் மூடியை எப்போதும் அவர் கிளம்பும்போதுதான் போடுவார். “உள்ள சூடு ஆறட்டும்மா” என்பார். அணைத்த பெட்டிக்குள் கடைசியாக ஒருமுறை கைவிட்டுப் பார்ப்பார். பிறகு மூடி, பேருக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ போடுவார்.

இன்று உள்ளே கைவிடவில்லை. தாளில் மடித்து வைத்திருந்த மற்ற மூன்று ஸ்க்ரூவையும் பையிலிருந்து எடுத்தார். நான்கையும் இறுக்க முறுக்கினார்.

“இனிமே இதுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. புதுசு வர்ற வரைக்கும் ஜம்முனு ஓடும்,” என்றார். “அப்ப நான் வரட்டுமா?”

ஹபீபுன்னிசா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஸ்விட்சை அழுத்தினார். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது, ஃபேன் சுற்றியது.

சந்தோஷப்பட வேண்டியவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. எரிகிற விளக்கையும், மொபெட் சாவியோடு நிற்கிற அரசப்பனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏன் தம்பி, இன்னிக்கு அந்த ஒயரைக் கழட்டி விடலியா?”