எழுபத்து மூன்றாம் இருக்கை

"ஒரு பதில் தப்பாப் போனாலும் பென்ஷனை நிறுத்தி வெச்சிடுவோம் சார். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

சொல்லிவிட்டுப் பென்ஷன் பிரிவின் சரிபார்ப்பு அதிகாரி, பைக்குள்ளிருந்து தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கி மேஜைமேல் போட்டாள். சட்டசபை நடவடிக்கைக் குறிப்பு. நாற்பது வருஷத் தூசு கிளம்பி அவளுக்கே தும்மல் வந்தது.

எதிரே நாற்காலியில் பெரியவர். எண்பது தாண்டிய வயசு, வழவழவென்று சவரம் செய்த முகம், கலையாத வெள்ளைச் சட்டை. அருகே வீட்டம்மாள் கைக்குட்டையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றிருந்தாள்.

"இத்தனை வருஷம் இல்லாம இப்ப எதுக்கும்மா பரீட்சை?" என்றாள் வீட்டம்மாள்.

"எங்கேயோ செத்துப்போன உறுப்பினர் பேர்ல வேற ஒருத்தர் உட்கார்ந்து பதினோரு வருஷமா வாங்கியிருக்கார். அதான், முன்னாள் உறுப்பினர் எல்லாரையும் நேர்ல பார்த்துக் கேள்வி கேட்கணும்னு உத்தரவு. கோப்புல இருக்கற போட்டோவை நம்பலாம்னா, நீங்களே பாருங்க."

கறுப்பு வெள்ளைப் படம். கண்ணும் மூக்கும் இருந்த இடத்தில் எலி கடித்த ஓட்டை. மீசை மட்டும் மிச்சம்.

"எலி எந்தக் கட்சிக்காரனையும் விடறதில்லை" என்றார் பெரியவர்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வீட்டம்மாள் சிரிக்கவில்லை.

"வயசான காலம். மறந்து போயிருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நினைவு தப்பினவங்கன்னா, கோர்ட்டுல காப்பாளர் உத்தரவு வாங்கிட்டு வரணும். அதுவரைக்கும் பென்ஷன் நிக்கும். எப்படியும் ஒரு வருஷம் இழுக்கும்மா."

"மருந்தே அதை வெச்சுத்தான் வாங்கறோம்" என்றாள் வீட்டம்மாள். "ஒரு மாசம் நின்னாலும் தாங்காது."

"அவங்க வேலையை அவங்க பார்க்கட்டும்" என்றார் பெரியவர். "கேளுங்கம்மா."

அதிகாரி பேனாவைத் திறந்தாள். "சபையில இருக்கை எண்?"

"எழுபத்து மூணு."

அவள் பக்கத்தைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "இல்லையே சார். எண்பத்தொண்ணுன்னு இருக்கு."

வீட்டம்மாளின் கைக்குட்டை கீழே விழுந்தது.

"அது முதல் நாலு மாசம்" என்றார் பெரியவர் நிதானமாக. "தூணுக்குப் பின்னாடி இருக்கை. எழுந்து நின்னாக்கூட முகம் தெரியாது. சபாநாயகருக்கு மனுப் போட்டு மாறினது எழுபத்து மூணுக்கு. தேதி ஆகஸ்ட் ஒன்பது, வியாழக்கிழமை."

பக்கங்களைப் புரட்டினாள். ஆகஸ்ட் ஒன்பது. வியாழன். தூண் உள்பட இருந்தது.

"கன்னிப் பேச்சு?"

"குடிதண்ணிக் குழாயைப் பத்தி. மொத்தம் பதினோரு நிமிஷம். அதுல நாலு நிமிஷம் எல்லாருக்கும் நன்றி சொல்லியே போச்சு. மீதி ஏழு நிமிஷமும் உளறல். அமைச்சர் குழாயோட அகலத்தைக் கேட்டா, நீளத்தைச் சொல்லிட்டு உட்கார்ந்தாச்சு. சபையே சிரிச்சுது."

அதிகாரி விரலால் வரிகளைத் தொடர்ந்தாள். அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்றே அச்சாகியிருந்தது.

அவளுக்குச் சிலிர்த்தது. எத்தனையோ முன்னாள்களைப் பார்த்துவிட்டாள். எல்லாருமே தங்கள் கன்னிப் பேச்சில் சபையே அதிர்ந்து போனது என்பார்கள்.

"சொந்தப் பேச்சை உளறல்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான் சார்."

"உள்ளதைச் சொல்றதுல என்னம்மா இருக்கு?"

"கடைசிக் கேள்வி. இந்தப் பென்ஷனுக்கான மசோதா வந்த அன்னிக்கு?"

பெரியவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார். வீட்டம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதிர்த்தது மூணே பேர்" என்றார், வேறொரு குரலில். "அதுல ஒரு கை எழுபத்து மூணாம் இருக்கையிலேர்ந்து தூக்கினது. 'அஞ்சு வருஷம் இங்க உட்கார்ந்த நமக்குப் பென்ஷன். ஆயுசு பூரா ரோடு போட்டவனுக்கு என்ன?'ன்னு ஒரே கேள்வி. சொந்தக் கட்சிக்காரனே உட்காருன்னு கத்தினான். உட்காரலை. அந்த ஒரு நாள்தான், அடடா, இவன் மனுஷன்னு தோணிச்சு. கை தட்டியிருப்பேன். அங்க தட்டக் கூடாதே."

அதிகாரி குறிப்பைப் பார்த்தாள். ஒரு சொல் பிசகவில்லை.

"எதிர்த்துட்டு அப்புறம் எப்படி..."

"பத்து வருஷம் அந்தப் பணத்தைத் தொடலை" என்றாள் வீட்டம்மாள் அவசரமாக. "உடம்பு படுத்தினப்புறம் நான்தான் சண்டை போட்டு விண்ணப்பிக்க வெச்சேன்."

அதிகாரி எழுந்துகொண்டாள். அரசாங்க வேலைக்கு வந்தபின் முதல்முறையாக ஒருவர் முன்னால் நின்றபடியே முத்திரை குத்தினாள்.

"ஆயுசுக்கும் இனி யாரும் வந்து கேட்க மாட்டாங்க சார். அப்படியே குறிப்பு எழுதிடறேன். உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்த்தேன்னு என் பொண்ணுகிட்டச் சொல்லணும்."

ஜீப் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருந்த வீட்டம்மாள், கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்துகொண்டாள்.

"எப்படி அண்ணா ஒண்ணுகூட மறக்கலை? உள்ளே படுத்திருக்கற உங்க சிநேகிதருக்குக் கட்டின பொண்டாட்டி என் பேரே ஞாபகம் இல்லை."

"சிநேகிதம் எல்லாம் அப்புறம் வந்ததும்மா" என்றார் பெரியவர். "தேர்தல்ல முப்பத்தேழு ஓட்டுல என்னைத் தோக்கடிச்சிட்டுப் போனானே, அங்க போய் என்னதான் கிழிக்கறான்னு பார்க்க, அஞ்சு வருஷமும் ஒரு நாள் விடாம பார்வையாளர் மாடத்துல உட்கார்ந்திருந்தேன்."