பத்தொன்பதாவது கலவை

"பதினெட்டாவது கலவை. ஐந்து குண்டும் குறிக்கு இடப்பக்கம், கீழே. காரணம்: ஈயம் சரியில்லை" என்று லிண்ட்சே குறிப்பேட்டில் எழுதினார்.

"போன வாரம் வெடிமருந்து சரியில்லன்னு எழுதின," என்றார் அவர் மனைவி நோரீன்.

"போன வாரம் மருந்துதான். அதுக்கு முந்தின வாரம் குண்டுல தடவுற மெழுகு."

கொள்ளுத்தாத்தாவின் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கு ஆறு மாதமாகக் கொட்டகையில் அவரே தோட்டா தயாரித்துக்கொண்டிருந்தார். நாளை பென்டிகோ நகரில் பழந்துப்பாக்கிப் போட்டி. போன வருடம் கடைசி இடம். 'சரியான கலவை கிடைக்கட்டும், காட்டுறேன்' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"பத்தொன்பதாவதை நான் தயார் பண்ணேன். சுட்டுப் பாரு," என்று நோரீன் ஒரு தோட்டாவை நீட்டினார்.

லிண்ட்சே ஆட்டுப்பட்டி வேலிக்கு அப்பாலிருந்த அட்டையைக் குறிபார்த்து விசையை இழுத்தார். 'டிக்' என்றது. வெடிக்கவில்லை.

"பாத்தியா! மருந்து ஈரம்!"

"ஈரமாக மருந்து ஏது? நான் போடவே இல்லையே. அடியில தீப்பொறி கொடுக்குற கேப்பும் ஏற்கெனவே வெடிச்சதுதான்."

லிண்ட்சே தோட்டாவை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெடிக்காத துப்பாக்கி உதைக்கப் போகுதுன்னு பயந்து எதுக்குக் கண்ணை மூடின? அதோட குழல் எதுக்கு இடப்பக்கமா மண்ணைப் பாத்துச்சு?" என்று கேட்டார் நோரீன்.

லிண்ட்சே குறிப்பேட்டைத் திறந்தார். "பத்தொன்பதாவது கலவை. மருந்து: இல்லை. கோளாறு: அப்படியே இருக்கிறது. மாற்ற வேண்டிய பாகம்: லிண்ட்சே."

நோரீன் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பாகம் இப்ப எங்கயும் கிடைக்காது. நாப்பது வருஷமா நானே ஒப்பேத்திக்கிட்டுதான் இருக்கேன்."