திவான் தலையணை

அழைப்பு மணி அடித்ததும் சாதனா எழுந்தாள்.

யாரும் ஏவவில்லை. படுக்கையறைக்குள் ஓடினாள். கட்டிலிலிருந்த மூன்று தலையணைகளில் நீல உறை போட்டதைத் தூக்கிவந்து ஹாலில் திவான் மேல் வைத்தாள். மேலே ஒரு போர்வையை மடித்துப் போட்டாள். படுக்கையறைக் கதவைச் சாத்தினாள்.

பிறகுதான் வாசல் கதவைத் திறந்தாள்.

ஏழு வயதுக்கு நல்ல வேகம்.

அடுப்படியில் காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் பார்த்தாள். நீலத் தலையணை அவளுடையது.

அவளும் கஸ்தூரியும் ஒன்பது வருடமாக ஒரே கட்டிலில் தூங்குகிறார்கள். சாதனாவைப் பெற்றது கஸ்தூரி. பிரசவ வார்டு வாசலில் விடிய விடிய நின்றது அவள். நீங்க யாரு என்று கேட்ட நர்ஸிடம், தங்கச்சி என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வாயில் வந்தது அப்படியே நிலைத்துவிட்டது.

தங்கை என்றால் ஹாலில்தான் படுக்க வேண்டும்.

வீட்டுக்குள் இரண்டு பேருமே அம்மா. கூப்பிட்டால் இரண்டு தலையும் திரும்பும் என்பதால், கஸ்தூரி நெட்டை அம்மா, அவள் குட்டை அம்மா. வாசல் கதவு திறந்திருந்தாலும் வெளி ஆள் வந்திருந்தாலும் குட்டை அம்மா சித்தியாகிவிடுவாள். இதுவும் சாதனாவுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் விஷயம் தெரிந்து இரண்டு வீடு காலி செய்ய வேண்டி வந்த பிறகு, மறைக்காமல் என்ன செய்வது? இந்த வீட்டில் எதிர் போர்ஷனிலேயே வீட்டுக்காரரின் அக்கா இருக்கிறார். பெயர் வத்சலா. காலை பதினொன்றரைக்குக் கறிவேப்பிலை கேட்டு வருவார். கறிவேப்பிலை ஒரு சாக்கு. கண்கள் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகும்.

இப்போது வந்திருந்தது ரெஜினா. புகைப்படம் எடுப்பவர். இரண்டு அம்மா இருக்கும் வீடு, இரண்டு அப்பா இருக்கும் வீடு, ஒரு திருநங்கை தன் மகனை வளர்க்கும் வீடு என்று இதுவரை பதினொரு வீடுகளுக்குப் போயிருக்கிறார். சென்னையில் கண்காட்சி வைக்கப்போகிறார்.

வந்ததும் அவர் கேமராவை எடுக்கவில்லை. காபி குடித்தார். சாதனாவின் கணக்கு நோட்டைப் பார்த்தார். ஒரு தாளை மேஜையில் வைத்தார். அதில் இரண்டு கட்டங்கள். முகம் தெரியலாம். முகம் தெரிய வேண்டாம்.

கஸ்தூரி முதல் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டாள். அவளோ, அப்புறம் போடுகிறேன் என்றாள்.

கஸ்தூரியும் சாதனாவும் திவானில் உட்கார்ந்தார்கள்.

அவள் செல்போனை எடுத்துக்கொண்டு ரெஜினாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

பழக்கம். வீட்டிலிருக்கும் அத்தனை படங்களையும் எடுத்தது அவள்தான். மூன்று பேரையும் சேர்த்து எடுக்க யாரைக் கூப்பிடுவது? ஏழு பிறந்தநாள் படங்களில் ஒன்றில்கூட அவள் இல்லை.

"நீங்க என் பக்கத்துல நிக்கக் கூடாதுங்க," என்றார் ரெஜினா.

சாதனா நகர்ந்து இடம் விட்டாள். "சித்தி, இங்க வந்து உக்காரு."

உட்கார்ந்தாள். பிள்ளை மேல் தப்பில்லை. சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் ஒப்பிக்கிறது. இருந்தும் வலித்தது. ஒரு படத்திலாவது அம்மாவாக இருந்துவிட வேண்டும் என்று மூன்று வாரமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

சாதனா கஸ்தூரியின் காதருகே சாய்ந்தாள். ரகசியம் பேசத் தெரியாத குரல்.

"இந்த ஆன்ட்டி வீட்டு ஆளா, வெளி ஆளா?"

"வீட்டு ஆளுதான்."

சாதனா யோசித்தாள்.

"அப்ப ஃபோட்டோவப் பாக்குறவங்க?"

கஸ்தூரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். ரெஜினா கேமராவை மடியில் வைத்தார்.



அவள் எழுந்தாள். போர்வையை எடுத்தாள். தன் தலையணையை எடுத்தாள். படுக்கையறைக் கதவைத் திறந்து இரண்டையும் கட்டிலில் அதனதன் இடத்தில் போட்டாள். கதவைச் சாத்தாமல் திரும்பி வந்தாள். மேஜையருகே குனிந்து முதல் கட்டத்தில் டிக் போட்டாள். பேனா சரியாக எழுதவில்லை. மேலே இன்னொரு முறை அழுத்தினாள்.

திரும்ப வந்து உட்கார்ந்தாள். ரெஜினா எடுத்தார். மூன்று, நான்கு படங்கள்.

அழைப்பு மணி அடித்தது.

பதினொன்றரை.

"கேமராவ உள்ள வச்சிரட்டுமா?" என்றார் ரெஜினா.

 சாதனா எழுந்து நின்றிருந்தாள். திறந்திருந்த அறைக் கதவு வழியே கட்டிலைப் பார்த்தாள். மூன்று தலையணைகள். பிறகு அவளைப் பார்த்தாள்.

 இன்னொரு வீடு தேட வேண்டியிருக்கும். இன்னொரு பள்ளிக்கூடமும். ஒரு தலையசைப்புப் போதும், பிள்ளை பறந்துபோய்த் தலையணையைத் தூக்கி வந்துவிடும்.

அவள் தலையசைக்கவில்லை.

சாதனா வெறும் கையோடு வாசலுக்குப் போனாள். தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு திறந்தது. கிண்ணத்தோடு வத்சலா நின்றார்.

சாதனா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"குட்டை அம்மா, கறிவேப்பிலை."

அவள் எடுத்துவர எழுந்தாள்.